டீச்சருக்குத் திரும்பிய பாதி

மார்ச் 4

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தது இவர்தான், என் வீட்டுக்காரர். கோடு இல்லாவிட்டால் தாளின் நடுவிலிருந்து எழுத ஆரம்பித்துவிடுகிறேனாம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டதிலிருந்து இரண்டு கண்ணிலும் இடது பாதி இல்லை. கண்ணில் பழுதில்லை, மூளையில்தான் என்கிறார் டாக்டர். இருட்டாகவும் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் என்னோடு பார்வைப் பயிற்சி எடுக்க இன்று ஒரு டீச்சர் புதிதாக வந்தார். மாடிப்படியில் உருண்டவர். எனக்குப் போன அதே பாதி அவருக்கும். ஒரே நாற்காலியில் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு, நாற்காலியிடமே "சாரி" சொன்னோம். அடிபட்டபின் இன்றுதான் சிரித்தேன்.

மார்ச் 19

நடைவழியின் இரண்டு சுவரிலும் வண்ண அட்டைகள். நடந்துகொண்டே நிறத்தைச் சொல்ல வேண்டும். இடது சுவரில் அட்டை இருப்பதே எனக்குத் தெரியவில்லை. "அந்தப் பக்கம் தானா உங்ககிட்ட வராதும்மா. நீங்கதான் தலையைத் திருப்பித் தேடிப் போகணும்" என்றார் பயிற்சி கொடுக்கும் அம்மா.

டீச்சரும் கோட்டை விட்டார். எனக்கு ஆறுதலாக இருந்தது. இங்கே எதற்குப் பொய்?

ஏப்ரல் 2

டீச்சருக்கு இடது ஓரத்தில் ஏதோ அசைவது தெரிகிறதாம்.

ஏப்ரல் 16

இடது பக்கக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. டீச்சர் சட்டென்று திரும்பி, வந்தவருக்கு வணக்கம் சொன்னார். யாருக்குச் சொல்கிறார் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் இவர் சொன்னார்: "அந்த டீச்சரைப் பாரேன், எவ்வளவு முயற்சி எடுக்கறாங்க."

அப்போ நான் என்ன, சும்மாவா உட்கார்ந்திருக்கேன்? கழுத்து நோக நோக நானும்தானே திருப்பறேன்? அவளுக்கு மட்டும் ஏன்? — எல்லாம் மனசுக்குள்தான். ராத்திரி தட்டில் இடது பக்கம் இருந்ததைச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். இவர் தட்டைத் திருப்பி வைத்தார். அதற்கும் எரிச்சல்.

மே 7

பார்வைப் பரப்புச் சோதனை. மோவாயைத் தாங்கியில் வைத்து, நடுவில் உள்ள விளக்கையே பார்க்க வேண்டும். எங்கே புள்ளி மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். பார்வை இல்லாத இடம் படத்தில் கறுப்பாக வரும். எனக்கு முன்னால் போன டீச்சர் தன் படத்தோடு வெளியே வந்தார். இடது பக்கக் கறுப்பில் பாதிக்கு மேல் வெளுத்திருந்தது.

உள்ளே போய் இஷ்டத்துக்கு அழுத்தினேன். மின்னியதா இல்லையா என்றே பார்க்கவில்லை.

சோதனை செய்யும் பெண் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, வெளிச்சமே போடாதப்பவும் அழுத்தியிருக்கீங்க. மிஷின் பிடிச்சிடும். வெளியே சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை எடுத்துடலாம்."

எடுத்தோம். எனக்கு ஒரு புள்ளிகூட வெளுக்கவில்லை.

மே 21

டீச்சருக்குப் பயிற்சி முடிந்தது. விடைபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒண்ணுமே செய்யலை. சில பேருக்குத் தானா திரும்புமாம், எனக்குத் திரும்புச்சு. நீங்க செய்யறதுதான் கஷ்டமான வேலை."

நல்ல மனுஷி. அதுதான் தாங்கவில்லை. வெறுக்கவாவது ஒரு காரணம் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஜூன் 12

டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம். இவர்தான் சொன்னார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காய்கறிக் கடைக்குத் தனியாகக் கிளம்பினேன். "நானும் வரட்டுமா?" என்றார். "வேணாம்." வழியெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டே போனேன்: இடது, வலது, மறுபடி இடது. யாராவது என்னைப் பார்த்துப் பைத்தியம் என்றுகூட நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவளுக்குத் தானா வந்ததை நான் தேடிப் போய் எடுத்தே தீருவேன்.

ஜூலை 28

முன்பு வேலை பார்த்த பார்லரிலேயே இப்போது அரை நாள் வேலை. முதலாளியம்மா என்னைச் சுவரோர நாற்காலிக்கு மாற்றியிருக்கிறார், இடது பக்கம் யாரும் குறுக்கே வராதபடி. ஒரு பெண்ணுக்கு முடி வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலும் சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். "ரொம்பப் பொறுமையா வெட்டறீங்க" என்றாள் அவள். பயம் என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 3

மறுபடி சோதனை. இடது பாதி அப்படியே கறுப்பு. இனி மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் முகம் வாடிவிட்டது. எனக்கு என்னவோ, தெரிந்த செய்தியைத் திரும்பக் கேட்டதுபோல் இருந்தது.

பிறகு நடைவழியில் நடக்கச் சொன்னார்கள். இரண்டு சுவரிலும் எல்லா நிறத்தையும் சொன்னேன். இடையில் வைத்திருந்த ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு போனேன். பெஞ்சில் புதிதாக ஒருவர், லாரி ஓட்டுநராம், தலையில் கட்டு.

"இவங்களுக்கு முழுசா திரும்பிடுச்சா?" என்று பயிற்சியம்மாவிடம் கேட்டார்.

"இல்லைங்க. ஒரு துளிகூட வரல."

அவர் நம்பவில்லை. என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். வயிறெரியப் பார்க்கும் பார்வை.

பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "இன்னொரு தரம் நடக்கட்டுமா?" என்று கேட்டு, நடந்து காட்டினேன்.