கிசுகிசுக்கவும் தடை

பிப்ரவரி 9, திங்கள்

எச்சில் விழுங்கினால் முள் குத்துகிறது. மூக்கு வேறு ஒழுகுகிறது. நாடகத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. மேடையில் இவர் ராஜா. நான் திரை ஓரத்தில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவள். கல்யாணம் ஆனதிலிருந்து இவர் ஒரு நாடகத்துக்கும் மனப்பாடம் செய்ததில்லை. "நீ இருக்கும்போது எனக்கு எதுக்கு?" என்பார். அதில் எனக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 10

இருமல். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.

பிப்ரவரி 11

குரல் போய்விட்டது. நல்லவேளை, என் வேலைக்குக் குரல் எதற்கு, காற்று போதுமே! தொண்டைக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து நாள் முழுக்கக் கிசுகிசுத்தேன். கடைக்காரரிடம் கிசுகிசுத்து சோப்பு கேட்டால், அவரும் ஏதோ ரகசியம் போலக் கிசுகிசுத்து விலை சொன்னார். ஒத்திகையிலும் அப்படியே ஒப்பேற்றினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

மோசம். இப்போது காற்றும் சரியாக வரவில்லை. இவர் மருந்து டப்பாவைக் குடைந்து, போன வருஷம் தன் பல்வலிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சத்தை நீட்டினார். "இதைப் போடு, ரெண்டே நாள்ல சரியாயிடும்." நான் முறைத்துவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். "சளி, இருமல், குரல் கம்மல் எல்லாம் சேர்ந்திருக்கு. இது வைரஸ்தான். ஆன்டிபயாடிக் வேலை செய்யாது."

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு?" என்றார் இவர்.

"இருமல் இல்லாம, காய்ச்சலும் டான்சில்ல வெள்ளைத் திட்டும் கழுத்துல வீக்கமும் இருந்தா டெஸ்ட் எடுத்துப் பார்ப்பேன். பாக்டீரியான்னு தெரிஞ்சாதான் மாத்திரை. அதையும் நடுவுல நிறுத்தாம முழுசா சாப்பிடணும். மிச்சமே இருக்கக் கூடாது."

இவர் சட்டைப் பையை மெதுவாகப் பொத்திக்கொண்டார்.

எனக்கு வலிக்குப் பாராசிட்டமால், நிறைய வெந்நீர், கொப்பளிப்பு. பேசக் கூடாது. கிசுகிசுக்கலாமா என்று கிசுகிசுத்தேன். "அதனாலதான் இந்த நிலைமை! சாதாரணமா பேசுறதைவிட அது தொண்டையைப் படுத்தும்." அவளுக்கு வேலையே அதுதான் டாக்டர் என்று இவர் சொன்னதும், டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமானால் உடனே வரச் சொன்னார்.

வெளியே வந்த பிறகுதான் இவருக்கு உறைத்தது: இனி வசனம் யார் எடுத்துக் கொடுப்பது? முகத்தில் ஈயாடவில்லை.

பிப்ரவரி 14

நாடகத்தை நிறுத்திவிடலாம் என்கிறார். வேறு யார் எடுத்துக் கொடுத்தாலும் இவர் காதில் ஏறாதாம். இத்தனை பேரோட உழைப்பு என்ன ஆவுறது? டிக்கெட் வாங்கினவங்களுக்கு என்ன பதில்? திட்டலாம்னா வாயைத் திறக்க முடியல — இதைவிடக் கொடுமை உண்டா?

பிப்ரவரி 15

வழி பிறந்தது! சமையலறையில் நின்று, வசனத்துக்கு வசனம் நடித்துக் காட்டினேன். எதிரிப் படை வந்தால் கரண்டியோடு ஓட்டம். துரோகம் என்றால் நாத்தனார் நடை. (அவள்தான் நாடகத்தில் எதிரி நாட்டு ராணி. தெரிந்தால் தொலைந்தேன்.) இவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் வசனம் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 18

ஒத்திகையிலும் ஓரத்தில் நின்று கைகாலை ஆட்டினேன். இயக்குநர் மேடையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ என்னவோ.

பிப்ரவரி 20

வலி இல்லை. "சாவி எங்கே?" என்று கேட்டுப் பார்த்தேன். தகர டப்பா உருண்டதுபோல் ஒரு குரல்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்னும் சில நாள் தொண்டையை வருத்தக் கூடாது என்பதால், என்னைப் பார்வையாளர் நடுவே உட்கார வைத்துவிட்டார்கள். நாடகத்தை முன்னாலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. இவர் இவ்வளவு கம்பீரமா!

பாதியில் நின்றுவிட்டார். பழக்கதோஷத்தில் ஓரத்தைப் பார்த்தார். அங்கே யார் இருக்கிறார்கள்? வசனம் என் நுனி நாக்குக்கு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் மெதுவாக மந்திரி பக்கம் திரும்பி, "மந்திரியாரே, யாம் என்ன சொல்லப் போகிறோம் என்று நீரே சொல்லும், பார்க்கலாம்" என்றார். மந்திரி முழித்த முழியில் அரங்கமே அதிர்ந்தது.

கைதட்டினேன், அழுதேன். இனிமே நான் வேண்டாமா? அற்ப புத்தி. ஆனாலும் வலித்தது.

பிப்ரவரி 23

இயக்குநர் போன் செய்தார். "அன்னிக்கு ஓரத்துல நீங்க பண்ணினது மேடையில வரணும். அடுத்த நாடகத்துல நீங்கதான் நாயகி." பதில் சொல்லக் குரல் வரவில்லை. இதற்கு வைரஸ் காரணமில்லை.

ஜூன் 14, ஞாயிறு

நான் நாயகியான நாடகம் முடிந்தது. ஒரு வரிகூடத் தவறவில்லை, எல்லாம் தலைகீழ்ப் பாடம். திரை ஓரத்தில் இவர், மூக்குக் கண்ணாடியோடு, வரிக்கு வரி விரல் வைத்தபடி. பாவமாக இருந்தது. ஒரு இடத்தில் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். சட்டென்று எடுத்துக் கொடுத்தார் — கடைசி வரிசை வரை கேட்டதாம்.