பின்னஸ் படகுக்கு ஏற்றிய விளக்கு

வளம் பெருகுக! முத்துக்குடை நிழற்றத் தண்கழி நாடாளும் முந்நீர்க் காவலர், பேரரசி அலர்மேனி நாச்சியார் திருவாய் மலர்ந்தருளியபடி, பேரமைச்சர் மாறன் குமுதன் ஆற்றுவாய்ப் பட்டினத்துத் துறைச்சபைப் பெருமக்களுக்கு விடுக்கும் ஓலை. அங்கே உப்பு விளைக, வலைகள் நிறைக, சபையாரின் கோபமும் சற்றே தணிக.

துறைக்காவலர் ஏறன் சாத்தன் தவறான மரத்துக்கு விளக்கேற்றிவிட்டார், அவர் பதவியைப் பறித்தே ஆகவேண்டும் என்ற உங்கள் முறையீடு கிடைத்தது. அவரையே அழைத்து விசாரித்தோம்.

கடலில் நின்ற ஆங்கிலேயர் கப்பலில் குடிநீர் தீர்ந்துபோய், நீர் தேடி ஒரு சிறு படகு ஆற்றுவாய்க்கு வந்தது. எந்த மரத்தில் செய்த கலமென்று சொல்லி, அம்மரத்தின் பெயரால் விளக்கேற்றிய பின்பே எக்கலமும் நம் ஆற்றுக்குள் புகலாம் என்பது தொன்றுதொட்ட வழக்கம். வந்தவர்களுக்கோ நாக்கு வறண்டு பேச்சே சரியாக எழவில்லை. இவ்வகைப் படகின் பெயர் பின்னஸ் என்று மட்டும் முதலில் சொன்னார்கள். அவர்கள் மொழி அறிந்த சாத்தன், அப்படியென்றால் என்னவென்று துருவித் துருவிக் கேட்டார். பெருங்கப்பலோடு கூடவே வந்து, ஆளையும் நீரையும் கரையிலிருந்து சுமக்கும் படகு என்றார் ஒருவர். பாய் விரித்து, கப்பல்களுக்கு முன்னே வழி பார்த்துச் சென்ற சிறு கலத்துக்கும் முற்காலத்தில் அதுவே பெயர் என்றார் இன்னொருவர். ஐயோ, மரத்தைச் சொல்லித் தொலையுங்கள் என்று சாத்தன் கெஞ்சாத குறைதான்! கடைசியில் அம்பிரி என்னும் தச்சர், அச்சொல் பிரெஞ்சுக்காரர் வழியாக வந்ததென்றும், அதன் வேர் பழைய இலத்தீனில் பைன் மரத்தின் பெயரென்றும் கேள்விப்பட்டதாகச் சொன்னார். சாத்தனுக்குப் போன உயிர் திரும்பியது. பைன் மரத்தின் பெயரால் விளக்கேற்றிப் படகை உள்ளே விட்டார்.

வயிறார நீர் குடித்த பிறகுதான் தச்சருக்கு நினைவு தெளிந்தது. இந்தப் படகைத் தாமே ஓக் மரத்தில் செய்ததாக அவர் பெருமையோடு சொல்ல, சாத்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆயினும் பிழையைச் சபையில் வந்து தாமே சொன்னவரும் சாத்தன்தான். அதை முறையீட்டில் எழுத மறந்துவிட்டீர்கள் போலும்.

இதைக் கேட்டுப் பேரரசியார் விழுந்து விழுந்து சிரித்தருளினார். பிறகு, மரம் தேடிய அவ்வளவு நேரமும் அந்தப் படகோட்டிகளுக்கு யாரேனும் ஒரு செம்பு நீர் கொடுத்தீர்களா என்று வினவினார். யாரும் கொடுக்கவில்லை என்று சாத்தன் ஒப்புக்கொண்டார்.

ஆகவே ஆணையாவது: சாத்தன் பதவியில் நீடிப்பார். ஓக் மரத்துக்கும் ஒரு விளக்கு ஏற்றப்படும், எண்ணெய் சபையாருடையது. இனி எக்கலம் வந்தாலும் முதலில் நீர் கொடுத்து, பிறகு மரத்தைக் கேட்கவேண்டும். அந்த நீர்க்குடத்தைச் சபைத்தலைவரே தம் தோளில் சுமந்து செல்லக் கடவர்.

சங்கு முத்திரை இட்டோம். கிழக்கே இன்னொரு பாய் தெரிவதாகச் செய்தி வந்திருக்கிறது. ஓலையைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்குக.