ரிப்பன் கட்டிய பெட்டி

லிமோஜ், மார்ச் 1962

அன்புள்ள ரெஜிஸுக்கு,

அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். பாரிஸில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், வேறென்ன செய்ய.

உன் கம்பெனியின் சிரிப்புப் படம் இங்கே வந்துவிட்டது. திரையில் உன் பெயரைப் பார்த்ததும் அப்பா பின்வரிசைக்கும் கேட்கும்படி, எம்புள்ளதான் எழுதினான் என்றார். நம்மைப் போன்றவர்களின் பவிசைக் கிண்டல் செய்கிற படம் என்று நீ எழுதியிருந்தாய், சரிதான், பெரிய மனிதர்கள் கத்தியே படவிடாத சாலட்டைக் கத்தியால் வெட்டிவிட்டு முழிக்கிற மாப்பிள்ளையைப் பார்த்து நானும் சிரித்தேன். அப்புறம் அந்தப் பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கேக் கடைப் பெட்டியோடு வீடு திரும்புகிறார்களே, அவளும் ரிப்பன் கட்டிய பெட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டு, தெருவில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வருகிறாள். வீட்டுக்கு வந்து பெட்டியை அலமாரிக்குள் ஒளிக்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை. கொட்டகையே அதிர்ந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படியும் ஒரு பொம்பள இருப்பாளா என்றார். மருந்துக்கடை மதாம் லக்காஸ் மட்டும் சிரிக்காமல் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? யார் சொன்னது?

ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. முதலில் கேக் கடைக்காரியைச் சந்தேகப்பட்டேன், பிறகு நம் பழைய வேலைக்காரியை. அப்பாவுக்கு வேலை போயிருந்த அந்தக் குளிர்காலத்தில் நான் பழைய பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய், திரும்பும்போது எல்லோரும் பார்க்கக் கையில் பிடித்து வந்தது அவர்கள் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே இன்றுவரை தெரியாது. கூட நடந்தது நீ ஒருவன்தான். உனக்கு ஏழு வயது. சாயங்காலம் விருந்தாளி வருவார்கள், கேக் அவர்களுக்கு என்று சொல்லிவைத்திருந்தேன், நீயும் தலையாட்டினாய்.

அம்மாவை ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே என்று திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் படத்தில் அவளுடைய பையன், நான் தூக்கிட்டு வரேம்மா என்று பெட்டியை வாங்கி, கனமாக இருப்பதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வருகிறானே. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, திட்டவும் மனசு வரவில்லை.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். கடவுள் உன்னைக் காப்பாராக. பதிலை அப்பா பெயருக்கு எழுதாதே, என் பெயருக்கு எழுது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது காலிப் பெட்டி என்று உனக்கு அப்போதே தெரியுமா?

உன் அம்மா,
எதித்