கழலாத வார்

கொர்வேய்ரோ
மார்ச் 9, ஞாயிறு

அன்பு மகள் இரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் பூனையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவும் கப்பலில் சுகம் என்று வியாழக்கிழமை பேசினார், அங்கே டென்மார்க் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, காற்றாலையில் பத்திரமாக ஏறி அதைவிடப் பத்திரமாக இறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று கார்மேல் மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் ஜனவரியிலேயே உன் கைக்கு வந்திருக்க வேண்டியது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் தைத்துக் கொடுத்த வாரைக் கழற்றிவிடு என்று போனில் சொன்னேன், ஏம்மா என்றாய், தையல் சரியில்லை என்றேன், நீ சிரித்துவிட்டு நல்லாத்தான் இருக்கு, இங்க எல்லாரும் எங்க அம்மா செஞ்சதுன்னு பார்க்குறாங்க என்றாய். தையலில் ஒரு குறையும் இல்லை, அது நான் சொன்ன பொய். இதைப் படிக்கும்போது அந்த வார் உன் பெல்ட்டில் இருந்தால் முதலில் எழுந்து போய்க் கழற்று, பிறகு வந்து மீதியைப் படி.

வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பிப்ரவரிக் காற்றில் சமையலறைக்கு மேலே நாலு ஓடு போய்விட்டது, அப்பா வந்துதான் மாற்ற வேண்டும், அதுவரைக்கும் வாளி வைத்திருக்கிறேன். கார்னிவலுக்கு இந்த வருஷம் நான் அப்பம் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்பதும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

போன இலையுதிர் காலத்தில் நான் வரிசையாக மூன்று சுரண்டிகளைக் கடலில் விட்டது உனக்குத் தெரியும். பாறையில் சிப்பி மாதிரி கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் பெர்செபேயைச் சுரண்டப் போகிறவர்கள் யார் சுரண்டியைத் தொலைத்தாலும் அன்றைக்கு எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம், மூன்று தடவையும் நான்தான் வாங்கினேன். உன் ஞானத்தாய் தோசிந்தா கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஏடி காலேஜ்காரி, கடலுக்கு அடியில இரும்புக்கடை வைக்கப் போறியா, சொல்லு, திறப்பு விழாவுக்கு நான் வர்றேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உறைத்தது. உன்னை மடியில் வைத்துக்கொண்டு டிசைன் படிப்பை முடித்தவள் நான், அந்தப் படிப்புக்கு வேலை எதுவும் கிடைக்காமல் பாறைக்கு வந்தவள், இவர்கள் சுரண்டியைப் பழைய கம்பளி நூலால் பெல்ட்டில் கட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இது என்ன பழங்காலத்து வேலை என்றுதான் நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் பலமாக இழுத்தாலே அறுந்துவிடும் அந்த நூல். அது அறுவதற்காகத்தான் கம்பளி நூல் என்று பதினாறு வருஷம் அவர்களோடு இறங்கி ஏறியும் எனக்குத் தோன்றவில்லை. அலை வருகிறது என்று மேலேயிருந்து காவல் பார்க்கிறவள் ‘கடல்!’ என்று கத்தினால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஏற வேண்டும். விட்டவளை யாரும் திட்டக் கூடாது, சிரித்துக் காபி குடித்துவிட்டுப் போய்விட வேண்டும், அதற்குத்தான் அந்த வழக்கமே. நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ போனில், காற்றாலை மேலே ஏறும்போது ஒரு திருப்புளிகூடக் கீழே விழக் கூடாது, எல்லாவற்றையும் பெல்ட்டோடு வார் போட்டுப் பூட்டிவிடுவோம் என்று சொன்னாய். எனக்கு அன்றைக்கே கை துறுதுறுத்தது. பழைய கார்கள் உடைக்கிற இடத்தில் சீட் பெல்ட் பட்டை வாங்கினேன், இரண்டாக மடித்து, பாய்மரம் தைக்கிற மெஷினில் சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இன்னொரு தையல் ஓட்டினேன். ஒரு முனையைச் சுரண்டியின் பிடியில் துளை போட்டுக் கோத்தேன், மறு முனையில் பெல்ட் வளையத்தில் மாட்ட ஒரு துருப்பிடிக்காத கொக்கி, தானாகத் திறந்துகொள்ளாதபடி அதன் வாயைத் திருகி மூடும் மாதிரி. பட்டறை உத்தரத்தில் மாட்டிப் படகு எஞ்சினைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஒரு நூல் இழைகூடப் பிரியவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, அடுத்தது என்னைத்தான் தொங்க விடப்போறே போல என்றார். எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்தேன் இரியா. நனைந்த கையுறையோடு, விறைத்த விரலோடு எத்தனை நொடியில் கழற்றலாம் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சமையலறை மேஜையில் வெறுங்கையால் திறந்தேன், திறந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். எட்டு வார் தைத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு, ஐந்து மற்றவர்களுக்கு, முதலாவது தோசிந்தாவுக்கு. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சுரண்டிக்கா இல்ல கழுதைக்கா என்று கேட்டாள், ஆனால் போட்டுக்கொண்டாள். நான் செய்தது என்பதற்காகத்தான் போட்டுக்கொண்டாள்.

ஜனவரி அமாவாசை, கடல் நன்றாக வற்றியிருந்தது, அவள் கீழே பிளவுக்குள் இறங்கிச் சுரண்டிக்கொண்டிருந்தாள், நான் மேலே நின்று காவல் பார்த்தேன். பெரிய அலை ஒன்று திரண்டு வருவதைப் பார்த்து ‘கடல்!’ என்று கத்தினேன். அவள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. சுரண்டியை விட்டாள், திரும்பினாள், இரண்டு எட்டு ஏறினாள். சுரண்டியின் அலகு பாறை இடுக்கில் மாட்டியிருந்தது, வார் முறுக்கேறி அவளைப் பின்னால் இழுத்தது. அவள் குனிந்து கொக்கியைத் திருகத் திருகப் பார்த்தாள், நான் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அலை அடித்தது. அவளை அடித்துக்கொண்டு போகவில்லை, போயிருந்தாலாவது நீந்தியிருப்பாள். அங்கேயே கட்டிவைத்து அடித்தது, இரண்டு தரம். அடுத்த அலை வருவதற்குள் இறங்கிக் கத்தியால் வாரை அறுத்து அவளை மேலே இழுத்துப் போட்டேன். அதற்கு அப்புறம் நான் செய்ததைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தேன். மற்றவர்கள் அடுத்த பாறையிலிருந்து ஓடி வருவதற்குள் அவள் பெல்ட்டில் தொங்கிய பாதி வாரைக் கழற்றி என் ரப்பர் உடுப்புக்குள் செருகிக்கொண்டேன். கொக்கி திறக்க இரண்டு கையும் போதாமல் பல்லாலும் கடித்தேன். அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்த பிறகு இதைச் செய்தேனா, பார்ப்பதற்கு முன்னாலேயே செய்தேனா என்று எத்தனை முறை யோசித்தும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

தோள் எலும்பும் மூன்று விலா எலும்பும் உடைந்தன, தலையில் பதினான்கு தையல். அவளுக்கு அந்தக் காலை நேரம் சுத்தமாக ஞாபகமில்லை. சங்கத் தலைவர் எவாரிஸ்தோ என்ன நடந்தது என்று கேட்டபோது, கத்தினேன், இன்னும் ஒரு கொத்து என்று நின்றுவிட்டாள் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது, ஆனால் மறுநாள் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது யோசித்துத்தான் எழுதினேன். காவல் குரலை மதிக்காதவளுக்கு ஒரு வருஷம் லைசென்ஸ் கிடையாது என்பது சங்கத்தின் விதி. அவளுக்கு வேறு வேலை தெரியாது. மீன் ஏலக்கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவே எல்லோரும் இதையே பேசினார்கள், முப்பது வருஷம் இறங்கினவளுக்கு இந்த வயசுல என்ன பேராசை என்று. எனக்கு முட்டை அப்பமும் ஆக்டோபஸ் அடையும் வீடு தேடி வந்தன, உயிரைக் காப்பாத்தினவ என்று. நான் அவற்றைச் சாப்பிட்டேன். இரண்டு நாள், இந்த யோசனையே இரியாவுடையதுதானே, அவள் சொன்னதால்தானே நான் செய்தேன் என்றும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுத எனக்குத் தைரியம் வராது. உன் மேல் ஒரு துளித் தப்பும் இல்லை. உங்கள் வேலையில் சாமான் கீழே விழக் கூடாது, எங்கள் வேலையில் ஆள் மேலே வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்தது நான்.

மற்ற ஐந்து பேரிடமும் இன்னும் நன்றாகத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி வார்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சந்தேகம் வராத ஒரு காரணம் கிடைப்பதற்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு தடவை அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தோசிந்தா வீட்டுக்கு வந்த பிறகு வாரம் இரண்டு முறை சூப் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஞாபகமில்லடி, ஆனா நீ சொன்னா அப்படித்தான் இருந்திருக்கும், எந்தப் பேய் பிடிச்சு நின்னேனோ என்பாள். கார்னிவலுக்கு முந்தின நாள் போனபோது, அந்த வார் கடலோட போயிடுச்சாமே, லைசென்ஸ் திரும்பக் கிடைச்சதும் நான் இறங்கணும், இன்னொண்ணு தைச்சுத் தா சபேலா, இந்தத் தடவை சிவப்புப் பட்டையில என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பட்டையை எடுத்து அளந்து வெட்டக்கூடச் செய்தேன் இரியா. மெஷினில் வைத்த பிறகு கால் மிதிக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பாதி வாரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் ஒற்றைக் கையால் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வாரை இப்படிக் கொடு என்றாள், கொக்கியை நல்ல கையால் திருகிப் பார்த்தாள், உப்பு ஏறி அது அசையவில்லை, பல்லால் கடிக்கப் போய் நிறுத்திவிட்டு மேஜையில் வைத்தாள். பிறகு சொன்னாள், எலும்பு கூடிடும்டி. ரெண்டு மாசமா கண்ணாடியப் பார்த்து நானே காறித் துப்பிக்கிட்டேனே, பேராசைக்காரி பேராசைக்காரின்னு, அதை எதை வச்சுத் தைப்பே? நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவளே சொன்னாள், எவாரிஸ்தோ அறையில போய்க் கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லாதே. என்னை எங்க வச்சுப் பேசினாங்களோ அங்க போய்ச் சொல்லு, பெட்டியெல்லாம் தரையில இருக்கும்போது, எல்லாரும் இருக்கும்போது. அப்புறம், அந்தச் சூப்புப் பாத்திரத்தையும் எடுத்துக்கிட்டுப் போ என்றாள்.

வெள்ளிக்கிழமை ஏலம் தொடங்குவதற்கு முன் சொன்னேன். எவாரிஸ்தோ, சத்தமா சொல்லும்மா, பின்னால கேக்கல என்றார், அதனால் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் கத்தவில்லை. கடைசி வரிசையிலிருந்து உஷியா, போன வருஷம்தான் லைசென்ஸ் வாங்கினாளே, உன்னோடு பள்ளியில் படித்தவள், அவள் மட்டும், அப்போ எங்ககிட்ட வாரைத் திருப்பி வாங்கினது அதுக்குத்தானா அக்கா, நடுவுல ஒரு நாள் நான் அதைப் போட்டுக்கிட்டு இறங்கினேனே, அப்போ நீங்க மேல நின்னு என்னைப் பார்த்துச் சிரிச்சீங்களே என்றாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன். தோசிந்தா மேல் இருந்த புகாரை அங்கேயே கிழித்துவிட்டார்கள். என் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு வாங்கிக்கொண்டார்கள், நானே நீட்டினேன். அப்பாவிடமும் போனில் சொன்னேன். வந்து பேசிக்கலாம், முதல்ல பொண்ணுக்குச் சொல்லு என்றார்.

சொல்லிவிட்டேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஜனவரியில், இன்னும் ஒரு கொத்துக்காகத் தோசிந்தா நின்றுவிட்டாள் என்று உன்னிடமும் பொய் சொன்னபோது நீ, ஞானம்மாவுக்கு எப்பவுமே பெரிய கொத்து மேலதாம்மா கண்ணு என்று சொல்லிச் சிரித்தாய், நான் மறுக்கவில்லை, ம் என்றேன். அதற்குப் பிறகு நீ அவளிடம் பேசவே இல்லை. உன்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவளைப் பற்றி உன் மனதில் அப்படி ஒரு நினைப்பை நான்தான் வைத்தேன். அவள் நீ ஏன் பேசவில்லை என்று என்னிடம் ஒரு தடவை கேட்டாள், வேலை அதிகம் என்றேன், அந்தப் பொய்யை மட்டும் நான் இன்னும் அவளிடம் திருத்தவில்லை. அதைத் திருத்த வேண்டியது நீ. அவளுக்கு எழுது. என்னைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், எனக்காக மன்னிப்புக் கேட்காதே, அம்மா அழுகிறாள் என்றும் எழுதாதே. நான் கூப்பிட்ட நொடியிலேயே அவள் திரும்பினாள் என்று எனக்குத் தெரியும் என்று மட்டும் எழுது. ஏலக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது அவளுக்குக் கடலோரத்தில் நியாயம் தந்திருக்கும், ஆனால் அவள் வாசலில் காத்து நிற்பது உன் வாயிலிருந்து அதைக் கேட்கத்தான்.

உன் அந்த வாரை நடுவில் வெட்டிவிடு, யாருக்கும் கொடுத்துவிடாதே. உங்கள் கம்பெனி கொடுப்பதை மட்டும் போடு, கையுறையோடு அதைத் திறந்து பார்த்துவிட்டு மேலே ஏறு. கடவுள் உன் கையையும் காலையும் காக்கட்டும், உன் நெற்றியில் என் முத்தம். ஞானம்மாவுக்கு எழுதிய பிறகு எனக்கு எழுது, எனக்கு முதலில் வேண்டாம்.

உன் அம்மா
சபேலா