வேகாத சக்கை

அப்பா,

கஞ்சி அடுப்பின் மேல் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம். நான் ஆய்வகத்திலிருந்து வர இருட்டிவிடும்.

காலையில் தெருமுனையில் நீங்கள் கொட்டியிருந்த மருந்துச் சக்கையை மிதித்துவிட்டேன். வேர்த்துண்டுகள் சருகு போல நொறுங்கின. காய்ச்சிய வேர் நொறுங்காது. பொட்டலத்தைப் பிரித்து, காய்ச்சாமல் அப்படியே கொட்டியிருக்கிறீர்கள். அத்தை வேறு, "உங்கப்பா தவறாம மருந்து குடிக்கிறாருடி, சக்கையைப் பார்த்தேனே" என்கிறார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேற்று சாராயப் புட்டிக்காகக் கத்தினேன். இன்று அதற்கும் தெம்பில்லை. கல்லீரலில் தழும்பு இன்னும் கூடினால் திரும்ப வழியில்லை என்று மருத்துவர் உங்கள் எதிரில்தானே சொன்னார்?

இன்றைய பொட்டலத்தில் இருக்கும் ஆமை ஓட்டை முதலில் தனியாகக் கொதிக்கவிடுங்கள். வேர்களைப் பிறகு போடுங்கள். மண்சட்டியில்தான்.

யூன்ஷு

கசந்தால், இலந்தை வற்றல் நீல டப்பாவில் இருக்கிறது.

இன்னொன்று. "மருந்துச் சக்கையைத் தெருவுல நாலு பேர் மிதிச்சா நோய் அவங்களோட போயிடும். சிரிக்கிறியே, படிச்ச திமிரு!" என்று திட்டினீர்களே. இனிச் சிரிக்க மாட்டேன். இன்றைய சக்கை வெந்திருக்கட்டும். தெருவில் வேண்டாம், நம் வாசலில் கொட்டுங்கள். நானே மிதித்துக்கொண்டு உள்ளே வருகிறேன்.