அங்கன்வாடியில் ஒரு 'உஷ்'

ஆகஸ்ட் 7, வியாழன்

அரியாங்குப்பம் அங்கன்வாடியில் இன்று விளம்பரப் படப்பிடிப்பு. 'குழந்தை பேச வந்தால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.' வசனம் என்னுடையது. தையல் வேலை செய்யும் பர்வீன், மூன்று வயது மகள் சபீனாவை மடியில் வைத்துக்கொண்டு அதை அழகாகச் சொன்னார்.

ஆனால் ஒவ்வொரு முறையும் பாதியில் சபீனா "ம்மா, ம்மா" என்று முந்தானையை இழுத்தாள். ஒலிப்பதிவு கெட்டது. நான்தான் குனிந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

"உஷ்! பேசாம இருந்தா மாமா பிஸ்கட் தருவேன்."

அவளும் அப்படியே விரலை வைத்துக்கொண்டாள். அடுத்த டேக் பிரமாதம். முடிந்து எழுந்தபோது பர்வீனின் புடவை நனைந்திருந்தது.

"ஏன்டி, ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லக் கூடாதா?" முதுகில் ஓர் அடி விழுந்தது. பிறகு என்னிடம், "மன்னிச்சுக்குங்க சார். எப்பவும் சொல்லிடுவா."

சொல்லத்தான் வந்தாள், நான்தான் அவள் வாயை அடைத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "பரவால்லம்மா, சின்னப் புள்ளதானே" என்று பெருந்தன்மையாக மன்னித்தேன். பர்வீன் நன்றி வேறு சொன்னார்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே சாப்பிட்டேன். இப்போதுதான் தூக்கம் வரவில்லை.

காலையில் அங்கன்வாடியிலிருந்து கிளம்பும்போது பிஸ்கட்டை நீட்டி, "அழுதியா? மாமாகிட்ட சொல்லு" என்றேன். சபீனா என்னையே பார்த்தாள். பிஸ்கட்டை வாங்கவில்லை. விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.