அண்ணன் காய்ச்சிய பேட்டரிப் பொடி

என் அருமை அண்ணனுக்கு,

வடக்கில் சண்டை முடிந்துவிட்டதாம். தெஹியோவிட்ட கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். அம்மா அன்று முழுவதும் தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பஸ்ஸில் பையைச் சோதித்த ஆமிக்காரன் பால்மா டின்னைத் திறந்து, இந்தக் கறுப்புப் பொடி என்னவென்று கேட்டபோது, பல் விளக்குகிற கரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே? நீயோ நல்ல சிங்களத்தில், இது பேட்டரிக்கான நானோ பொடி, யூரியா சேர்த்து வீட்டிலேயே எரித்து எடுத்தேன் என்று பாடம் நடத்தியிருக்கிறாய். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் சொல்லுகிற பேச்சா அது? உன்னை இறக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கண்டக்டர்தான் வந்து சொன்னார்.

காய்ச்சலில் போய்விட்டாய் என்றுதான் உன்னைப் பெட்டியில் தந்தார்கள். காய்ச்சலில் போனவனின் பெட்டியை எதற்கு ஆணியடித்து மூட வேண்டும்?

நேற்று, கம்பஸில் உன்னோடு படித்த கூட்டாளி நிமல் வந்திருந்தார். உலையில் நாள்கணக்கில் வேக வேண்டிய பொடியை, இப்போது கம்பஸில் உன் முறையில் சில நிமிடங்களில் எடுக்கிறார்களாம். ஒரு சிட்டிகை யாரும் செய்வார்கள், சட்டி சட்டியாகச் செய்தால்தான் ஊருக்கு உதவும் என்று லீவில் நம் அடுப்படியில் மல்லுக்கட்டினாயே, அதுவும் கைகூடிவிட்டதாம்.

அதைச் செய்து காட்டச் சொல்லி அவரை வரவழைத்ததே அம்மாதான். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

வாசலில் அடுப்பு மூட்டினோம். நிமல் கொண்டுவந்த உலோக உப்பையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்து அடுப்பில் ஏற்றினார். கொதித்துப் பாகாக இறுகியது. பொங்கி, ஒரு தடவை தகதகவென்று எரிந்து அடங்கிவிட்டது. சட்டியில் கறுப்பாக, பஞ்சு மாதிரி கொஞ்சம் பொடி.

"வெடிக்காதா தம்பி?"

"இல்ல அம்மா. இவ்வளவுதான்."

அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "எம்புள்ள குண்டு செஞ்சிட்டான்னுதானே இத்தன நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்! பெத்தவ நானே நெனச்சிட்டேனே!"

அண்ணே, லயத்தில் உள்ளவர்கள் பேசியது எனக்குத் தெரியும். அம்மாவும் அப்படியே நினைத்தார் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. பெற்ற பிள்ளையையே சந்தேகப்படும் அளவுக்கு அவரைப் பயத்தில் வைத்திருந்தது யார்?

இதைச் சொல்லி அம்மாவை ஒருநாளும் குத்திக்காட்ட மாட்டேன், இது சத்தியம். நீயும் அவரை மன்னித்துவிடு.

உன் தங்கச்சி,
ராதா